நதிமூலம், ரிஷிமூலம், வைரமூலம்

"காகபாதம் இல்லைங்கம்மா. சுத்தமான கல்லு."

கண்ணில் இடுக்கிய லென்ஸை எடுக்காமலே கடைக்காரர் சொன்னார். அத்தை மூச்சை விட்டாள். ஸ்கேன் எடுத்த டாக்டர் 'பயப்பட ஒன்றுமில்லை' என்று சொல்லும்போதுகூட நம்மவர்கள் இவ்வளவு ஆறுதலாக மூச்சு விடுவதில்லை.

திருச்சி சின்னக்கடை வீதி. கடையின் பெயர் எதற்கு? எந்தக் கடைக்குப் போனாலும் இதே வசனம்தான். அத்தையின் பேத்திக்கு ஐப்பசியில் கல்யாணம். என் பாட்டி போட்டிருந்த ஏழு கல் வைரத்தோட்டைப் பிரித்து, எண்ணெய் இறங்கிப்போன பழைய கட்டடத்தை எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டவேண்டும். கூடவே ஒற்றைக்கல் மூக்குத்தி ஒன்றும் வாங்கவேண்டும். துணைக்கு நான். கார் ஓட்ட, காபி வாங்கிக் கொடுக்க, வாயை மூடிக்கொண்டு உட்கார. முதல் இரண்டையும் ஒழுங்காகச் செய்தேன்.

"சார், இது என்ன கல்லு தெரியுமா? ப்ளூ ஜாகர்!" மூலஸ்தானத்துத் திரை விலகியதுபோல் கடைக்காரர் குரல் தழுதழுத்தது. "இந்தக் காலத்துல கண்ணால பாக்கவே குடுத்து வெக்கணும்."

"எங்கம்மாவுக்கு 1930ல போட்டது. இதுக்காக எங்க தாத்தா ரெண்டு மா நஞ்சையை வித்தாரு" என்றாள் அத்தை.

"ப்ளூ ஜாகர்னா என்னங்க?" என்று கேட்டேன்.

"ஜாதி சார். வைரத்துலயே உசந்த ஜாதி."

மனிதனுக்கு மட்டும் ஜாதி வைத்தால் மனசு ஆறுமா? கல்லுக்கும் வைத்தோம். வைரத்துக்கு நாலு வருணம் சொன்ன நூல்கள் நம்மிடம் உண்டு. பூமிக்கடியில் கோடி கோடி வருஷம் கிடந்த கரிக்கட்டை வெளியே வந்ததும் முதல் வேலையாக நாம் அதற்குக் குலம் கோத்திரம் எழுதுகிறோம்.

"எந்த ஊர்க் கல்லு?"

"பாம்பேலேர்ந்து வரும்."

"பாம்பேல வைரம் வெளையுதா?"

அவர் சிரித்தார். பல வருஷம் பழகிய சிரிப்பு. "நதிமூலம் ரிஷிமூலம் பாக்கக் கூடாதும்பாங்க இல்லீங்களா சார்?"

அத்தை என்னை முறைத்தாள். வாயை மூடிக்கொண்டேன். ஆனால் என் பேனாவுக்கு அத்தை கிடையாது.

*

ஜாகர் ஜாதி இல்லை, ஊர். தென்னாப்பிரிக்காவின் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் இருக்கிற ஜாகர்ஸ்ஃபோன்டெய்ன். அதற்கும் முன்னால் அது ஓர் ஆள். ஜாகர்ஸ் என்ற கிரிக்வா இனத்துக்காரருக்குச் சொந்தமாயிருந்த பண்ணை. அவர் பெயரோடு ஊற்றையும் ('ஃபோன்டெய்ன்') சேர்த்து அப்படி அழைத்தார்கள். 1854ல் பண்ணை வெள்ளைக்காரர் கைக்குப் போனது. 1870ல் வைரம் கிடைத்தது. நூறு வருஷம் தோண்டி 1971ல் சுரங்கத்தை மூடினார்கள்.

ஆக, காவிரிக்கரைக் கல்யாணப் பெண்கள் மூன்று தலைமுறையாகக் காதில் ஓர் ஆப்பிரிக்கக்காரர் பெயரைத் தொங்கவிட்டுக்கொண்டிருக்கிறார்கள். தெரிந்திருந்தால் எத்தனை வீட்டில் தோட்டைக் கழற்றித் தீட்டுக் கழித்திருப்பார்களோ! தெரியாததால் அது உசந்த ஜாதியாகவே பிழைத்துக்கொண்டது.

1893ல் அந்தக் குழியிலிருந்து ஒரு கல் வந்தது. 995 கேரட். அதுவரை உலகம் அவ்வளவு பெரிய வைரத்தைப் பார்த்ததில்லை. வண்டியில் மண் அள்ளிப்போட்டுக்கொண்டிருந்த ஒரு கறுப்பினத் தொழிலாளி அதைக் கண்டெடுத்து, நேர்மையாக மேலாளர் கையில் கொண்டுபோய்க் கொடுத்தார். கொஞ்சம் பணமும், சேணம் பூட்டிய ஒரு குதிரையும் பரிசாகக் கிடைத்ததாம். கல்லுக்கு எக்செல்சியர் என்று பெயர் வைத்தார்கள். எடுத்தவர் பெயரை எந்த வைரப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. இரண்டு வருஷம் கழித்து அதே குழியில் இன்னொரு பெரிய கல். அதற்கு முதலில் நாட்டின் அதிபர் பெயரை வைத்தார்கள். பிறகு விக்டோரியா மகாராணி பட்டமேறிய அறுபதாம் ஆண்டைக் கொண்டாட ஜூபிலி என்று மாற்றினார்கள். அந்தக் கல்லைத்தான் தொராப்ஜி டாட்டா மனைவிக்கு வாங்கிக் கொடுத்தார். 1924ல் இரும்பு ஆலை தள்ளாடியபோது அதையும் சேர்த்து வங்கியில் அடகு வைத்தார். அடகுக்குப் போன கதையை நாம் தேசபக்தியோடு பேசுகிறோம். தோண்டியவன் கதைக்கு வட்டி கொடுக்க ஆளில்லை.

பெயர்தான் எழுதவில்லையே தவிர, உடம்பை நன்றாகவே சோதித்தார்கள். சிசில் ரோட்ஸ் 1888ல் டி பியர்ஸ் கம்பெனியை நிறுவி வளர்த்த காலத்தில், கிம்பர்லி சுரங்கங்களில் கறுப்பினத் தொழிலாளர்களைக் கம்பி வேலி போட்ட கொட்டடிகளில் அடைத்து வைத்தார்கள். ஒப்பந்தக் காலம் முடியும்வரை வெளியே போகமுடியாது. முடிந்தாலும் உடனே போகமுடியாது. உடுப்பைக் கழற்றி, விரல் அசைக்க முடியாத உறையைக் கையில் மாட்டி, தனி அறையில் அடைத்து, பேதி மருந்து கொடுத்து, நாள்கணக்கில் அவர்கள் மலத்தைக் கிளறிப் பார்த்தார்கள், கல்லை விழுங்கியிருப்பார்களோ என்று. அதே ரோட்ஸ் பெயரால் ஆக்ஸ்ஃபோர்டில் உதவித்தொகை வாங்கினால் இன்றைக்கும் நாம் வாசலில் பேனர் கட்டுகிறோம்.

என் பாட்டி அந்தத் தோட்டைக் கை அலம்பாமல் தொடமாட்டாள். மடி!

1914 ஜனவரியில் ஜாகர்ஸ்ஃபோன்டெய்னில் ஒரு வெள்ளை மேற்பார்வையாளர் உதைத்ததில் பசோத்தோ தொழிலாளி ஒருவர் செத்துப்போனார். நியாயம் கேட்டுக் கிளம்பிய கூட்டத்துக்குத் துப்பாக்கி பதில் சொன்னது. அந்தக் குழியில் எந்த வருஷம் எடுத்த கல் எங்கள் வீட்டுக்கு வந்ததோ, யார் கண்டார்? ஏழு கல்லில் ஒன்றுகூட வாய் திறக்காது. வைரம் கெட்டியான சாட்சி.

வெள்ளைக்காரனை மட்டும் திட்டிவிட்டு எழுந்துவிட முடியாது. பிரேசிலில் 18ஆம் நூற்றாண்டில் வைரம் கிடைக்கும்வரை உலகத்துக்கே வைரம் கொடுத்தது நம் தக்காணம்தான். பிரெஞ்சு வியாபாரி தவெர்னியே 17ஆம் நூற்றாண்டில் வந்து பார்த்தார். கிருஷ்ணா கரையிலிருந்த கொல்லூர் சுரங்கத்தில் ஆணும் பெண்ணும் குழந்தையுமாக 60,000 பேர் வேலை செய்ததாக எழுதினார். இன்னொரு சுரங்கத்தில் தொழில் தெரிந்த ஆளுக்கே வருஷத்துக்கு மூன்று வராகன் கூலி என்றார். அங்கே ஒருவன் கண்ணின் ஓரத்தில் ஒரு கல்லைச் செருகி மறைத்து வைத்திருந்ததையும் குறித்தார். வயிற்றுக்கு இல்லாதவன் கண்ணைப் பணயம் வைத்திருக்கிறான்! கொல்லூர் இன்று புலிசிந்தலா அணையின் தண்ணீருக்கடியில் கிடக்கிறது. கோல்கொண்டா வைரம் என்று ஏலக்காரன் சொன்னால் மட்டும் நம் மார்பு விரிகிறது.

அன்று கண்ணின் ஓரத்தைப் பார்த்தார்கள். பிறகு மலத்தைப் பார்த்தார்கள். அதற்கும் பிறகு எக்ஸ்ரே வந்தது. தொழிலாளியின் குடலுக்குள் கல் இருக்கிறதா என்று பார்க்க முந்நூறு வருஷமாக வழி கண்டுபிடித்துக்கொண்டே வந்தவர்களுக்கு, கல்லுக்குள் தொழிலாளி இருக்கிறானா என்று பார்க்க மட்டும் வழி தெரியவில்லை.

*

ஜாகர்ஸ்ஃபோன்டெய்ன் கதை 1971ல் முடிந்திருந்தால் 'பழங்கதை' என்று விட்டுவிடலாம். சுரங்கம் மூடினாலும் சலித்துக் கொட்டிய மண் மலையாகக் குவிந்து நின்றது. பழைய காலத்துச் சல்லடையில் தப்பிய பொடிக்கல் அதில் இருக்குமே! மறுபடி சலித்தார்கள். சலித்த சேற்றைத் தேக்க மண்ணாலேயே ஓர் அணை கட்டினார்கள், ஊரின் தலைமாட்டில்.

இங்கேதான் சட்டம் தன் புத்திசாலித்தனத்தைக் காட்டியது. இந்தக் குவியல் யாருடைய அதிகாரத்தில் வரும் என்று வழக்கு போனது. புதிய கனிமச் சட்டம் வருவதற்கு முன்பே தோண்டி எடுத்துக் குவித்த மண் அந்தச் சட்டத்துக்குள் வராது என்று 2007ல் ஃப்ரீ ஸ்டேட் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதாவது, சுரங்கத்திலிருந்து வந்ததுதான், வைரத்துக்காகத்தான் சலிக்கிறார்கள், ஆனாலும் சுரங்கம் இல்லை. 'ஆடு என்னுடையது, புழுக்கை என்னுடையதில்லை' என்று கனிமத் துறை கையைத் துடைத்துக்கொண்டது. தண்ணீர்த் துறை 2020 டிசம்பரில் வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டது. சில மாதத்தில் அந்த உத்தரவும் விலகியது.

2022 செப்டம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை விடிகாலை. அணை உடைந்தது. ஊர் எழுந்திருக்குமுன் சாம்பல் நிறச் சேறு எழுந்து வந்தது. வீடுகள், கார்கள், ஆடுகள், மின்கம்பங்கள், எல்லாவற்றையும் உருட்டிக்கொண்டு போனது. ஆள் உயிரும் போனது. சேறு புகுந்த பகுதிகளில் ஒன்றின் பெயர் இட்டுமெலெங். 'மகிழ்ந்திருங்கள்' என்று அர்த்தம். பிறகு கனிமத் துறை என்ன சொன்னது? 'அது எங்கள் சுரங்கம் இல்லை.' தீர்ப்பைப் பத்திரமாக வைத்திருந்தார்கள், வைரத்தைவிடப் பத்திரமாக.

அதே வருஷமும் சின்னக்கடை வீதியில் ப்ளூ ஜாகருக்கு மவுசு இருந்தது. அங்கே ஜாகர்ஸ்ஃபோன்டெய்ன் சேற்றுக்குள் கிடக்கும்போது இங்கே, "தண்ணி மாதிரி இருக்கு பாருங்கம்மா கல்லு."

*

"பழசு எப்படியோ சார். மூக்குத்திக்குக் குடுக்கறேனே, இது புதுக் கல்லு. சர்டிபிகேட்டோட வருது" என்றார் கடைக்காரர். கையகல அட்டை ஒன்றை எடுத்து நீட்டினார். இருபது சென்ட் கல்லுக்கு இவ்வளவு விவரமா என்று அசந்துபோனேன். கட் என்ன, கலர் என்ன, கிளாரிட்டி என்ன, கேரட் என்ன. நாலு 'சி'. கல்லுக்குள் ஓர் ஊசிமுனைப் புள்ளி இருந்தால்கூட எங்கே இருக்கிறது என்று படம் போட்டுக் காட்டிவிடுவார்களாம்.

இதையெல்லாம் அமெரிக்காக்காரன் கண்டுபிடித்தான் என்று நினைத்தால் இளங்கோவடிகள் கோபித்துக்கொள்வார். மதுரை மாணிக்கக் கடைத்தெருவில் வைரத்துக்கு நாலு குற்றம் பார்த்ததைச் சிலப்பதிகாரம் பட்டியல் போடுகிறது. காகத்தின் கால்போன்ற வடு காகபாதம், கறை களங்கம், புள்ளி விந்து, கீற்று ஏகை. அன்றும் நாலு, இன்றும் நாலு. ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக ஐந்தாவது குற்றம் யாருக்கும் தோன்றவில்லை.

"ரத்த வைரம்னு சொல்றாங்களே, அது?" என்றேன்.

"அதெல்லாம் கவர்மென்ட்டே பாத்துக்குதுங்க. கிம்பர்லின்னு ஒண்ணு இருக்கு."

இருக்கிறது. சியரா லியோனில் கலகப் படை ஊர் ஊராகக் கையை வெட்டியது. அங்கோலாவில் கலகத் தலைவர் சவிம்பியின் படை வைரம் விற்றுப் பீரங்கி வாங்கியது. உலகம் மெதுவாக முகம் சுளித்தது. மோதிர வியாபாரம் படுத்துவிடுமோ என்று பயம் வந்தபிறகு வேகமாகச் சுளித்தது. 2000ல் கிம்பர்லி நகரில் கூடிப் பேசி, 2003 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒரு சான்றிதழ் ஏற்பாட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். இன்று எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன.

ரத்த வைரம் என்றால் என்ன என்று அந்த ஏற்பாட்டில் ஒரு விளக்கம் உண்டு. நிதானமாகப் படியுங்கள். சட்டப்படி அமைந்த அரசுகளைக் கவிழ்க்கக் கலக இயக்கங்களும் அவற்றின் கூட்டாளிகளும் சண்டைக்குப் பணம் திரட்டப் பயன்படுத்துகிற, பட்டை தீட்டாத வைரம். அவ்வளவுதான். கலகக்காரன் வெட்டினால் ரத்த வைரம். கவர்மென்ட் சுட்டால் சுத்த வைரம்.

சீருடை போட்டவன் கொன்றால் அந்த விளக்கத்துக்குள் வராது. கம்பெனிக் காவலாளி அடித்துக் கொன்றால் வராது. குழி சரிந்து பத்து வயதுப் பையன் மண்ணுக்குள் போனால் வராது. அணை உடைந்து ஊர் மூழ்கினால் வரவே வராது. வலையை இப்படிப் பின்னவும் ஒரு திறமை வேண்டும்: அயிரை மாட்டும், திமிங்கிலம் நீந்திப் போய்விடும்.

*

திமிங்கிலம் போன இடம் ஜிம்பாப்வே. அங்கே மராங்கே வட்டாரத்தில் 2006ல் மேலாகவே வைரம் தென்பட்டது. வேலையில்லாமல், பணவீக்கத்தில் நொடித்துப்போன ஜனங்கள் மண்வெட்டியும் சல்லடையுமாக ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தார்கள். 2008 அக்டோபர் கடைசியில் ராணுவம் வந்தது, ஹெலிகாப்டரில். மேலேயிருந்து சுட்டார்கள். தரையில் நாயை விட்டார்கள். 'ஹகுட்ஸோக்வி' என்று அந்த நடவடிக்கைக்குப் பெயர். 'திரும்பி வரமுடியாத இடம்' என்று பொருள். 200 பேருக்குமேல் கொல்லப்பட்டதாக ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் கணக்கெடுத்தது.

கிம்பர்லி என்ன செய்தது? மறுவருஷம் ஏற்றுமதியை நிறுத்திவைத்தது. கண்காணிக்க ஓர் அதிகாரியை அனுப்பியது. அவரைச் சந்தித்து, நடப்பதைச் சொன்ன ஃபராய் மகுவு என்ற மனித உரிமைச் செயற்பாட்டாளரை 2010 ஜூனில் ஜிம்பாப்வே போலீஸ் பிடித்து ஐந்து வாரம் சிறையில் வைத்தது. சுட்டவன் வெளியே, சொன்னவன் உள்ளே. 2011 நவம்பரில் 'ஏற்றுமதி செய்துகொள்ளலாம்' என்று கிம்பர்லி பச்சைக்கொடி காட்டியது. கொன்றது அரசுதானே, கலகக்காரன் இல்லையே! ரத்த வைரத்தை உலகத்துக்கு முதலில் அடையாளம் காட்டிய குளோபல் விட்னஸ் அமைப்பு, அடுத்த மாதமே 'இந்தக் கூத்துக்கு நாங்கள் இல்லை' என்று வெளியேறியது. வீட்டுக்கு அஸ்திவாரம் போட்ட கொத்தனாரே வெளியே வந்து, 'உள்ளே போகாதீர்கள், இடிந்து விழும்' என்கிறார். நாம் மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

அத்தனை வைரமும் விற்ற காசு நாட்டுக்காவது வந்ததா? 2016 மார்ச்சில் அதிபர் முகாபே தொலைக்காட்சியில் உட்கார்ந்து கைவிரித்தார். 1,500 கோடி டாலர் வரவேண்டியது, 200 கோடிகூட வரவில்லை என்றார். முப்பத்தாறு வருஷமாகச் சாவிக்கொத்தை இடுப்பில் செருகியிருந்தவர், பெட்டி காலியாக இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டார்!

பிறகு ரஷ்யா. உலகத்து வைரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தோண்டும் அல்ரோசா கம்பெனியில் அரசுக்குப் பெரும் பங்கு. 2022ல் உக்ரைன்மேல் குண்டு விழுந்தது. அந்த ஜூனில் கிம்பர்லி நாடுகள் போட்ஸ்வானாவில் கூடின. ரஷ்ய வைரத்தைப் பற்றிப் பேசலாமா என்று பேசினார்கள். பேச வேண்டாம் என்று முடிந்தது. அங்கே எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நடக்கும். திருடனும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பூட்டு வாங்கலாம் என்று தீர்மானம் போட்ட குடியிருப்பு அது. ரத்த வைரத்தின் விளக்கத்தை விரிக்க முயற்சி மேல் முயற்சி நடக்கிறது. ஒவ்வொரு மாநாட்டிலும் விருந்து நடக்கிறது, விளக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

*

காசிக்குப் போனாலும் கர்மம் தொலையாது என்பார்கள். சூரத்துக்குப் போனால் தொலையும்.

உலகத்தில் பட்டை தீட்டுகிற பத்து வைரத்தில் ஒன்பது அங்கேதான் தீட்டப்படுகிறது. கிம்பர்லிச் சான்றிதழ் பட்டை தீட்டாத கல்லுக்கு மட்டும். பல நாட்டுக் கற்களை ஒரே பொட்டலத்தில் கலந்தால் 'கலப்பு மூலம்' என்று எழுதிவிடலாம். சட்டமே அனுமதிக்கிற பொட்டலம் அது! சாணையில் வைத்து ஐம்பத்தேழு பட்டை தீட்டிவிட்டால் முன்ஜென்மம் முழுக்க அறுந்தது. அதற்கப்புறம் பில்லில் ஒரு வரி போதும்: 'இவை மோதலில் தொடர்பில்லாத இடத்திலிருந்து வாங்கப்பட்டவை.' சொல்வது யார்? விற்பவர். அவருக்கு யார் சொன்னது? அவருக்கு விற்றவர். தீட்டுவது கல்லுக்குப் பட்டை, போடுவது நமக்குப் பட்டை நாமம்.

தீட்டுகிறவர்களுக்காவது விடிந்ததா? சூரத்தில் அவர்களை 'ரத்ன கலாகார்' என்று அழைப்பார்கள். ரத்தினக் கலைஞர்! கூலியைக் கூட்டுவதைவிடப் பட்டத்தைக் கூட்டுவது மலிவு. 2023 டிசம்பரில் அங்கே வைரச் சந்தைக்குப் பென்டகனைவிடப் பெரிய கட்டடத்தைப் பிரதமர் திறந்துவைத்தார். 2024 ஜூலையில் அந்த ஊர் வைரத் தொழிலாளர் சங்கம் ஒரு தொலைபேசி எண்ணைத் திறந்துவைத்தது. வேலையும் கூலியும் போய்த் தற்கொலை செய்துகொள்கிறவர்களைத் தடுக்க. கட்டடத்தின் படம் எல்லாப் பத்திரிகையிலும் முதல் பக்கம் வந்தது. அந்த எண்ணை நீங்கள் எந்தப் பக்கத்திலாவது பார்த்தீர்களா?

*

"சரிங்க, சுரங்கமே வேண்டாம். லேப்ல செய்யற வைரம் இருக்காமே, அதைக் காட்டுங்களேன்" என்றேன்.

கடைக்காரர் முகம் மாறியது. திவசத்து இலையில் வெங்காயத்தைப் போட்டுவிட்டேன்போல.

2023ல் நம் பிரதமர் அமெரிக்க அதிபரின் மனைவிக்குப் பரிசாகக் கொடுத்ததே ஏழரை கேரட் லேப் வைரம்தான். சூரத்திலேயே செய்கிறார்கள். அதுவும் கரி, இதுவும் கரி. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் லென்ஸ் போட்டுப் பார்க்கிற கடைக்காரரே திணறுவார், மிஷின்தான் கண்டுபிடிக்கவேண்டும். விலையோ அதலபாதாளத்தில். குழி இல்லை, கொட்டடி இல்லை, சேற்று அணை இல்லை.

"வேண்டாங்க சார். கல்யாணத்துக்குப் போய் அதைப் போடுவாங்களா?" அத்தை பக்கம் திரும்பிக்கொண்டார். "அது மிஷின்ல வர்றதும்மா. ராசி கிடையாது, ரீசேல் கிடையாது. அதுல உசுரு இல்லீங்க. இயற்கைக் கல்லுன்னா அதுல உசுரு இருக்கும்."

எத்தனை உசிரு என்று கேட்க வாய் வந்தது. மராங்கேயில் மட்டும் இருநூறுக்கு மேல் என்று எனக்குத் தெரியும். அத்தை காலை மிதித்தாள்.

கடைக்காரர் சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது. யாரும் சாகாமல் வருகிற கல்லுக்குச் சந்தையில் மதிப்பில்லை. இருக்கிற கல்லையெல்லாம் ஒரே நாளில் கொட்டினால் விலை விழுமென்று இருபதாம் நூற்றாண்டு முழுக்கப் பெட்டகத்தில் பூட்டி வைத்து, சொட்டுச் சொட்டாக விட்டது டி பியர்ஸ். 1947ல் விளம்பரம் எழுதும் பெண்மணி ஒருவரை வைத்து, வைரம் அழியாதது என்று காதலர் காதில் ஓதியது. அழியாதது கல். அழிந்தது யாரென்று விளம்பரத்தில் எழுத இடமில்லை.

*

மதுரைக் கடைத்தெருவுக்குத் திரும்புவோம். நாலு குற்றமும் தெரிந்த ரத்தினப் பரீட்சைக்காரர்கள் உட்கார்ந்திருந்த அந்தத் தெருவைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனவன்தான் கோவலன். கல்லுக்குள் காக்கைக்கால் இருந்தால் கண்டுபிடிக்கிற ஊர். காற்சிலம்பு யாருடையது என்று கண்டுபிடிக்க மட்டும் அந்த ஊரில் ஆளில்லை. அரண்மனைப் பொற்கொல்லன் சொன்னான், பாண்டியன் நம்பினான், கோவலன் தலை விழுந்தது. இன்றைய பில்லில் இருக்கிற அந்த ஒற்றை வரி உத்தரவாதம் அன்றே நடைமுறைக்கு வந்துவிட்டது: திருடியவனே சான்றிதழ் கொடுத்தான்.

உள்ளே என்ன பரல் என்று உடைத்துப் பார்க்க ஒரு பெண் வரவேண்டியிருந்தது. மாணிக்கம் தெறித்ததும் பாண்டியன் சிங்காதனத்திலேயே செத்து விழுந்தான். அவனுக்குக் கூச்சம் இருந்தது. இன்றைக்கு உடைத்துக் காட்டினாலும் யாரும் விழமாட்டார்கள். துண்டுகளைப் பொறுக்கி எடுத்துக் 'கலப்பு மூலம்' என்று பொட்டலம் கட்டி, சூரத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

*

அத்தை மூக்குத்திக் கல்லைத் தேர்ந்தெடுத்தாள். எஸ்டிமேட் ஸ்லிப் வந்தது. கல் விலை, தங்கம், செய்கூலி, வரி. சேதாரம் என்ற இடத்தில் ஒரு கோடு. "உங்களுக்காகச் சேதாரமே போடலைங்கம்மா" என்று கடைக்காரர் பெருந்தன்மையாகச் சொன்னார். அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜாகர்ஸ்ஃபோன்டெய்ன் வீடுகளும் மராங்கே பிணங்களும் பேதி மருந்து குடித்த வயிறுகளும் அத்தனையும் அந்த அரை அங்குலக் கோட்டில் அடங்கிவிட்டன. சேதாரம்: இல்லை.

பணம் கட்டப் போனபோது அத்தை கேட்டாள்: "மூணு நாள் வெச்சுப் பாத்துட்டுச் சொல்லட்டுமா?"

"தாராளமா எடுத்துட்டுப் போங்கம்மா. ஒத்துக்கலைன்னா மாத்திக்கலாம்."

இது நம் வழக்கம். வைரம் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது. கல்லைப் பூஜையறையில் மூன்று நாள் வைத்துப் பார்க்கவேண்டும். அந்த மூன்று நாளில் பேரனுக்குக் காய்ச்சல் வரக்கூடாது. பால் பொங்கி வழியக்கூடாது. மருமகளோடு வாய்த்தகராறு கூடாது. எது நடந்தாலும் கல்லுக்குத் தோஷம் என்று திருப்பிவிடலாம். ஒரு சின்னக் கல்லால் நம் வீட்டில் ஒரு தும்மல் வந்துவிடுமோ என்று மூன்று நாள் கண்விழித்துக் காத்திருக்கிற ஜனங்கள் நாம். அந்தக் கல் புறப்பட்ட வீடு நின்றதா, சேற்றில் போனதா என்று மூன்று நிமிஷம் யோசித்ததில்லை.

காரில் வரும்போது அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஜாகர் யாரென்று சொன்னேன். கொட்டடியை, ஹெலிகாப்டரை, ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் உடைந்த அணையைச் சொன்னேன். அத்தை ஒன்றும் பேசவில்லை. பாலக்கரை சிக்னலில் வண்டி நின்றது. மடியிலிருந்த வெல்வெட் பெட்டியைத் திறந்து பாட்டியின் தோட்டை வெகுநேரம் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. எனக்கே பாவமாகிவிட்டது.

"எங்கம்மா சாகறவரைக்கும் இதைக் கழட்டலைடா" என்றாள். "அந்த ஊர்க்காரங்களுக்குத்தான் ஒத்துக்கலை போல."

பெட்டியை மூடினாள். சிக்னல் விழுந்தது.

"இந்தா, இதையெல்லாம் கல்யாண வீட்டுல வந்து உளறிக்கிட்டு இருக்காதே. சம்பந்தி வீட்டுல யாராவது கேட்டா, ப்ளூ ஜாகர்னு மட்டும் சொல்லு."